எங்கிருந்து எடுத்தாய்?

இரவு பத்தரை மணிக்கு ஃபோன் அடித்தது. எங்கள் அளவீட்டுக் கருவிகளை வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ப் பொருத்திக்கொடுக்கும் பொறியாளர். இரண்டு நாள் தூக்கமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. “அக்கா, டைம்அவுட் செகண்டுலயா மில்லிசெகண்டுலயா? உங்க ஆவணப் பக்கத்துல செகண்டுன்னு இருக்கு, அஞ்சுன்னு குடுத்திருக்கேன். ஒரு ரீடிங் கூட வர மாட்டேங்குது. கேபிள மாத்திட்டேன், போர்ட்ட மாத்திட்டேன், கருவியவே மாத்திப் பார்த்துட்டேன்.” டைம்அவுட் என்பது பதிலுக்காகக் காத்திருக்கும் கால வரம்பு. நான் யோசிக்காமல் சொன்னேன்: “மில்லிசெகண்ட்தான். மாத்தி மூணு மாசம் ஆச்சே.” “அப்ப பக்கத்துல?” “பக்கத்துலயும் நான்தான் மாத்தினேன்.” அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினார். செகண்ட் என்றுதான் இருந்தது. ஐயாயிரம் என்று மாற்றிப் போட்டதும் கருவி பேச ஆரம்பித்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

இது நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கத்தைத் திருத்தியாயிற்று, காரணமும் தெரிந்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் அந்தக் கதையில் எந்த மென்பொருளும் தவறு செய்யவில்லை. பக்கங்களை உருவாக்கும் வேலை, அதாவது பில்ட், வெற்றி என்று முடிந்திருந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அந்தப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற மென்பொருள் தன்னிடம் கேட்டதைத் தேடியது, கண்டுபிடித்தது, அழகாக அச்சிட்டுக் கொடுத்தது. மாட்யூல் எனப்படும் நிரல் ஃபைல்களை எந்தெந்த ஃபோல்டர்களில் எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்தான் தேடல் பாதை. அதில் பிரச்சினை என்றாலே “மாட்யூல் கிடைக்கவில்லை” என்ற சிவப்பு வரிதான் நம் நினைவுக்கு வரும். அந்த வரிக்கு நாம் எல்லோரும் மருந்து வைத்திருக்கிறோம். கிடைக்க வேண்டியதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பத்து வருடமாக ஆவணங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரியே லேப்டாப்பைத் திறந்தேன். சோர்ஸ் ஃபைலில் மில்லிசெகண்ட் என்று தெளிவாக இருந்தது, நான் எழுதிய அதே சொற்களில். ஆவணங்கள் இருக்கும் டாக்ஸ் ஃபோல்டருக்குப் போய், பில்ட் செய்யும் மேக் எச்டிஎம்எல் கட்டளையைக் கொடுத்தேன். சேர்ந்தது 0, மாறியது 0, நீங்கியது 0 என்றது. பக்கத்தில் செகண்ட். சரி, கேஷ், அதாவது முன்பு சேமித்துவைத்த பழைய நகல், என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் காரணம் புரியாத எல்லாவற்றுக்கும் முதலில் கேஷ் மேல்தான் பழி போடுவோம். பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்தேன். ஸ்ஃபிங்க்ஸ் தன் கேஷை வைக்கும் டாக்ட்ரீயும் அதோடு போயிற்று. பைத்தான் மொழி தன் கேஷை வைக்கும் பைகேஷ் ஃபோல்டர்களையும் தேடித் தேடி அழித்தேன். பிரவுசரைப் புதிய ஜன்னலில் திறந்தேன். மறுபடி பில்ட். செகண்ட். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கண்ணெதிரே இடப்பக்கம் எடிட்டரில் ஒன்று, வலப்பக்கம் பிரவுசரில் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டளைதான் இருக்கிறது, அதையும் நானே இப்போதுதான் ஓட்டினேன்.

தூங்கப் போகும் முன் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பக்கங்களில் வியூகோட் என்ற நீட்சி (ஸ்ஃபிங்க்ஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டிருக்கிறோம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பக்கத்தில் சோர்ஸ் என்று ஒரு இணைப்பு இருக்கும், சொடுக்கினால் நிரல் தெரியும். சும்மா சொடுக்கிப் பார்த்தேன். அங்கிருந்த நிரலும் பழையது. நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங் மட்டுமில்லை, கணக்குப் போடும் வரியும் பழையது. நான் மூன்று மாதம் முன்பு நீக்கிய ஒரு ஃபங்ஷன்கூட அங்கே உயிரோடு இருந்தது. ஆக, ஸ்ஃபிங்க்ஸ் பழைய எழுத்தை எங்கோ சேமித்து வைத்துக்கொண்டு காட்டவில்லை. முழுசாக வேறொரு ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கிறது. எந்த ஃபைலை என்று அந்த ராத்திரி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு லேப்டாப், இரண்டு விடை

மறுநாள் காலை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞரிடம் சொன்னேன். “உன் மெஷின்ல ஒரு தடவை பில்ட் பண்ணிக் காட்டேன்.” பண்ணினார். மில்லிசெகண்ட் வந்தது. “சரியாத்தானே அக்கா வருது?” என்று என்னைப் பார்த்தார். அதே கமிட் (நிரலின் பதிவான நிலை), அதே பைத்தான் பதிப்பு, தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் அதே ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் ஒப்பிட்டோம். நிறுவியிருந்த தொகுப்புகளின் பட்டியலைக்கூட வரிக்கு வரி பார்த்தோம். வித்தியாசம் இல்லை. கடைசியில் அவர் விரல்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் டாக்ஸ் ஃபோல்டருக்குள் போய் மேக் கொடுப்பேன், அது உள்ளே ஸ்ஃபிங்க்ஸ்-பில்ட் என்ற கட்டளையைக் கூப்பிடும். அவர் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரிலேயே நின்றுகொண்டு பைத்தானுக்கு மைனஸ் எம் கொடுத்து ஸ்ஃபிங்க்ஸை ஓட்டினார். அவர் லேப்டாப்பில் மூன்று பைத்தான் இருப்பதால், எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதில் சந்தேகம் வரக்கூடாது என்று பழகிக்கொண்ட வழக்கம் அது. நல்ல வழக்கம்தான்.

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் என் கட்டளையை அடித்தார், செகண்ட் வந்தது. நான் அவர் கட்டளையை என் லேப்டாப்பில் அடித்தேன், மில்லிசெகண்ட் வந்தது.

அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். மூன்று மாதமாக இணையத்தில் இருந்த பொய்க்கும் உண்மைக்கும் நடுவே இருந்தது கட்டளையின் வடிவம் மட்டும்தான். மைனஸ் எம் கொடுத்தால், நாம் நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரைப் பைத்தான் தன் தேடல் பட்டியலில் முதல் இடத்தில் வைக்கும். ஸ்ஃபிங்க்ஸ்-பில்ட் என்பது ஒரு ஸ்கிரிப்ட். அதை ஓட்டினால், அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான், அதாவது வர்ச்சுவல் என்விரான்மென்டின் (இந்த ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழலின்) பின் (bin) ஃபோல்டர்தான், முதல் இடத்தில் உட்காரும். அவர் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் நின்றதால் எங்கள் சொந்த நிரல் முதலில் அகப்பட்டது. எனக்கு வேறு எங்கிருந்தோ அகப்பட்டது. இந்த வழக்கத்தை அணைத்துவைக்கப் பைத்தான் 3.11 இல் பெரிய பி (-P) என்று ஒரு சுவிட்ச் கொடுத்தார்கள். அந்தச் சுவிட்ச் போட்டிருந்தால் அவருக்கும் செகண்ட்தான் வந்திருக்கும், நாங்கள் இருவரும் மனநிம்மதியோடு தவறாக இருந்திருப்போம்.

“வேறு எங்கிருந்தோ” எது என்று பார்க்க இரண்டு வரி போதுமாக இருந்தது. ஸ்ஃபிங்க்ஸின் அமைப்பு ஃபைலான கான்ஃப்.பையின் கடைசியில் எங்கள் லைப்ரரியை, அதாவது நாங்கள் ஆவணம் எழுதும் நிரல் தொகுப்பை, இம்போர்ட் செய்து, அதன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று பிரிண்ட் போட்டேன். நிறுவிய தொகுப்புகள் போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் என்று வந்தது. எங்கள் லைப்ரரியே அங்கே நிறுவப்பட்டிருந்தது, பழைய பதிப்பு. அதை அங்கே நிறுவச் சொன்னது நாங்கள் இல்லை. ஐந்து மாதம் முன்பு ஆவணப் பக்கங்களில் வரைபடம் போட இன்னொரு குழு எழுதிய ஒரு நீட்சியைச் சேர்த்திருந்தோம். அந்த நீட்சி எங்கள் லைப்ரரியைச் சார்ந்திருந்தது, அதிலும் ஒரு குறிப்பிட்ட பழைய எண்ணைக் கட்டிப்போட்டு. தொகுப்புகளை நிறுவும் பிப் சமர்த்தாக அதையும் இறக்கிவைத்துவிட்டது. என் லேப்டாப்பில், அவர் லேப்டாப்பில், தினமும் ராத்திரி பக்கங்களை வெளியிடும் சர்வரில், எல்லா இடத்திலும்.

முந்தைய ராத்திரி “மாறியது 0” என்று ஸ்ஃபிங்க்ஸ் சொன்னது இப்போது விளங்கியது. நிரலிலிருந்து விளக்கங்களை எடுக்கும் ஸ்ஃபிங்க்ஸ் நீட்சியான ஆட்டோடாக் ஒரு மாட்யூலைப் படிக்கும்போது அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த பில்டில் அந்த ஃபைல் மாறியிருக்கிறதா என்று பார்க்கும். அது கண்காணித்துக்கொண்டிருந்தது சைட்-பேக்கேஜஸில் இருந்த ஃபைலை. அந்த ஃபைல் உண்மையிலேயே மாறவில்லை. அவ்வளவு பெரிய துப்பு திரையில் வந்து நின்றது, நான் கேஷை அழிக்கப் போய்விட்டேன்.

அந்த ஒற்றை வரி

கான்ஃப்.பை ஃபைலின் தலையில், பைத்தானின் தேடல் பட்டியலான சிஸ்.பாத்தைத் தொடும் ஒரு வரி இருக்கும். ஸ்ஃபிங்க்ஸ் பழகிய யாருக்கும் அது தெரியும். பல ஆண்டுகள் ஸ்ஃபிங்க்ஸின் தொடக்கக் கட்டளையான குவிக்ஸ்டார்ட் உருவாக்கிக் கொடுத்த ஃபைலிலேயே அது கமென்ட்டாக இருந்தது, தேவையானவர்கள் முன்னால் இருக்கும் ஹேஷை எடுத்துவிட்டால் போதும். வழக்கமான வடிவம் இன்சர்ட், சுழியம், மேல் ஃபோல்டரின் முழுப் பாதை. எங்கள் ஃபைலில் இன்சர்ட் இல்லை, அப்பெண்ட் இருந்தது. பட்டியலின் தலைக்குப் பதில் வாலில் சேர்க்கும் சொல். தேடல் தலையிலிருந்து தொடங்கும், முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். சைட்-பேக்கேஜஸுக்குப் பின்னால் நின்ற எங்கள் சொந்த ஃபோல்டருக்கு முறையே வரவில்லை.

யார் அதை அப்பெண்ட் ஆக்கியது என்று, மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட்டில் பார்த்தேன். நான்தான். பதினான்கு மாதம் முன்பு. கமிட் செய்தியைப் படித்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது மேல் ஃபோல்டரில் சீக்ரெட்ஸ்.பை என்று ஒரு ஃபைல் வைத்திருந்தோம், சோதனைக் கருவிகளின் கடவுச்சொற்கள் அதில் இருக்கும். பைத்தான் 3.6 முதல் அதே பெயரில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலும் ஒரு மாட்யூல் இருக்கிறது, டோக்கன் உருவாக்குவதற்கு. மேல் ஃபோல்டரைப் பட்டியலின் தலையில் வைத்ததும், நாங்கள் சார்ந்திருந்த ஏதோ ஒரு தொகுப்பு அந்த மாட்யூலைக் கேட்டபோது எங்கள் கடவுச்சொல் ஃபைல் போய் நின்றது. பில்ட் உடைந்தது. இன்சர்ட்டை அப்பெண்ட் ஆக்கினேன், சரியாகிவிட்டது. அன்று எங்கள் லைப்ரரி சைட்-பேக்கேஜஸில் இல்லை, அதனால் வாலில் நின்றாலும் எங்கள் ஃபோல்டர்தான் அகப்பட்டது. சில வாரத்தில் அந்தக் கடவுச்சொல் ஃபைலை அங்கிருந்தே எடுத்துவிட்டோம். காரணம் போய்விட்டது, வரி தங்கிவிட்டது. ஒன்பது மாதம் கழித்து நீட்சி வந்தது. இன்னும் இரண்டு மாதம் கழித்து டைம்அவுட் அலகு மாறியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் நியாயமானது. மூன்றையும் பார்த்தவள் நான் ஒருத்தி, மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வேறு ப்ராஜெக்டுகளில் இதே வரி வேறு விதமாகக் கடித்திருக்கிறது. முழுப் பாதையாக மாற்றாமல் மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரண்டு புள்ளியை மட்டும் அப்படியே சிஸ்.பாத்தில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு. கான்ஃப்.பை ஓடும்போது ஸ்ஃபிங்க்ஸ் தற்காலிகமாக அந்த ஃபோல்டருக்குள் போய் நிற்கும், ஓடி முடிந்ததும் நாம் கட்டளை கொடுத்த இடத்துக்கே திரும்பிவிடும். ஆட்டோடாக் இம்போர்ட் செய்யத் தொடங்குவது அதற்குப் பிறகு. இரண்டு புள்ளி என்பது அப்போது வேறொரு மேல் ஃபோல்டர். டாக்ஸ் ஃபோல்டருக்குள் நின்று ஓட்டினால் எல்லாம் சரி, ஒரு படி மேலே நின்று ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது. அப்சொல்யூட் பாதை ஆக்கிவிடுங்கள் என்று ஸ்ஃபிங்க்ஸ் ஆவணம் சொல்வது அதனால்தான். எந்த இடத்தை வைத்து அளக்கிறோம் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்துக்கொள்கிறது என்பதுதான் இதில் என்னைச் சோர்வடையச் செய்கிறது. ஸ்ஃபிங்க்ஸிலேயே ஸ்டாட்டிக் ஃபைல்களின் பாதை கான்ஃப்.பை இருக்கும் இடத்திலிருந்து. படத்தின் பாதை அந்தப் பக்கத்தின் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து, ஆனால் முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் சோர்ஸ் ஃபோல்டரின் உச்சியிலிருந்து. டாக்சிஜன் என்ற இன்னொரு ஆவண மென்பொருளில் உள்ளீட்டுப் பாதை அதன் அமைப்பு ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, நாம் எங்கே நின்று ஓட்டினோம் என்பதைப் பொறுத்தது. கட்டளைகளை அடிக்கும் ஷெல்லின் பாத் மாறியில் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டால் அது நாம் நிற்கும் ஃபோல்டர். அச்சுக்கோர்க்கும் மென்பொருளான டெக்கின் டெக்ஸ்இன்புட்ஸ் மாறியில் அதே வெற்றிடம் விட்டால் அது வழக்கமான தேடல் பாதை முழுவதும். ஒரே குறி, இரண்டு பொருள். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட முடியாது. எடுத்தது எங்கிருந்து என்று கேட்டுவிடலாம்.

டெக்கின் பதிவு

அப்படிக் கேட்காமலேயே பதில் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதன் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. பிடிஎஃப் எடுப்பதற்காக, டெக்கின் மேல் கட்டப்பட்ட லாடெக்கை ஓட்டுகிறவர்களுக்கு அதன் லாக் ஃபைல் தெரிந்திருக்கும். அடைப்புக்குறிகளும் பாதைகளுமாக நீண்டு கிடக்கும், யாரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. அந்த அடைப்புக்குறிகளுக்கு ஒரு பொருள் உண்டு. ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது ஒரு அடைப்புக்குறி திறந்து அந்த ஃபைலின் பாதையை எழுதும், மூடும்போது மூடும். எந்த ஸ்டைல் ஃபைல் எங்கிருந்து வந்தது, எதற்குள்ளிருந்து எது கூப்பிடப்பட்டது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. வீட்டு ஃபோல்டரில் இருக்கும் சொந்த டெக்ஸ்எம்எஃப் மரத்தைத்தான் (டெக் ஃபைல்களின் ஃபோல்டர் அடுக்கு) டெக் விநியோகத்தின் மரத்துக்கு முன்னால் தேடும். எப்போதோ அவசரத்துக்கு அங்கே போட்டுவைத்த ஒரு ஸ்டைல் ஃபைல், டெக் விநியோகமான டெக் லைவை எத்தனை முறை புதுப்பித்தாலும் முன்னால் வந்து நிற்கும். எங்கள் பிடிஎஃபில் அட்டவணைகள் ஒருவர் மெஷினில் மட்டும் கோணலாக வந்தது அதனால்தான் என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். லாகில் வீட்டு ஃபோல்டரின் பெயரைத் தேடினேன், ஒரே வரி, அரை நிமிடம். கேபிஎஸ்ஈவிச் என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு, ஃபைல் பெயரைக் கொடுத்தால் டெக் எதை எடுக்கும் என்று முழுப் பாதையோடு சொல்லிவிடும். ஷெல்லில் டைப் மைனஸ் ஏ கொடுத்தால் ஒரு கட்டளை எங்கெங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் வரிசையில் காட்டும். பழக்கத்தில் நாம் அடிக்கும் விச் முதலாவதை மட்டும் காட்டிவிட்டு நிற்கும், பின்னால் வரிசையில் நிற்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஸ்ஃபிங்க்ஸ் இப்படி எழுதுவதில்லை. கிடைக்காவிட்டால் எச்சரிக்கை தரும், அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போகும், கடைசியில் “பில்ட் வெற்றி, இத்தனை எச்சரிக்கைகள்” என்று முடிக்கும். எச்சரிக்கைகளைப் பிழையாக எண்ணச் சொல்லும் பெரிய டபிள்யூ சுவிட்சைப் போட்டால் பில்ட் தோல்வி என்று முடியும். எங்கள் சர்வரில் அந்தச் சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு தைரியம். ஆனால் கிடைத்தது வேறொன்றாக இருந்தால் எச்சரிக்க அதனிடம் ஒன்றும் இல்லை. எதுவுமே தப்பு நடக்கவில்லையே.

வரியை எடுத்த நாள்

அப்பெண்ட்டை மறுபடி இன்சர்ட் ஆக்கினால் அன்றே தீர்ந்திருக்கும். குழுவில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள், அதில் தவறும் இல்லை. ஒரு ஃபோல்டர், ஒரு தொகுப்பு, வேறு சார்புகள் இல்லாத சின்ன ப்ராஜெக்ட் என்றால் நானும் அதையே செய்வேன். எங்கள் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வரி செய்வது என்ன? நிறுவாத ஒன்றை நிறுவியதுபோலக் காட்டுகிறது. படிப்பவர் எங்கள் லைப்ரரியைப் பிப் மூலம் நிறுவித்தான் பயன்படுத்துகிறார். ஆவணம் மட்டும் வேறொரு குறுக்குவழியில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறது. இருவரும் ஒரே வாசல் வழியாகப் போனால், வாசலில் ஏதாவது தடுக்கும்போது இருவருக்கும் தடுக்கும்.

அதனால் வரியை எடுத்துவிட்டேன். பில்டின் முதல் படியாகப் புதிய வர்ச்சுவல் என்விரான்மென்ட், அதில் எங்கள் ப்ராஜெக்டையும் ஆவணத்துக்கான நீட்சிகளையும் ஒரே பிப் கட்டளையில் சேர்த்து நிறுவுவது, எங்கள் ப்ராஜெக்டை எடிட்டபிள் முறையில், அதாவது நகலெடுக்காமல் சோர்ஸ் ஃபோல்டரையே சுட்டும்படி. அந்தக் கட்டளையைக் கொடுத்த உடனே பிப் நின்றுவிட்டது. நீங்கள் கேட்கும் பதிப்பு ஒன்று, இந்த நீட்சி கேட்கும் பதிப்பு வேறொன்று, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது என்றது. 2020 இல் பிப் 20.3 முதல் வழக்கமாகிவிட்ட, பதிப்புகளைப் பொருத்திப் பார்க்கும் புதிய ரிசால்வர் இதில் கறார். திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதமாக அந்த முரண்பாடு அங்கேயே இருந்திருக்கிறது. நீட்சியைச் சேர்த்த முதல் நாளே பிப் சொல்லியிருக்கும், எங்கள் லைப்ரரி பிப்பின் கண்ணில் பட்டிருந்தால். சிஸ்.பாத் வழியாகப் பின்கதவில் நுழைந்துகொண்டிருந்ததால் அதைப் பிப்பிடம் யாரும் சொல்லவே இல்லை.

நீட்சி எழுதிய குழுவிடம் போய் அந்த எண்ணைத் தளர்த்தச் சொன்னோம். இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் வரைபடங்கள் இல்லாமல்தான் பக்கங்கள் வெளிவந்தன. வரைபடம் இல்லாதது எல்லோர் கண்ணிலும் பட்டது, நாலைந்து பேர் கேட்டார்கள். அலகு தப்பாக இருந்த மூன்று மாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கான்ஃப்.பை ஃபைலில் அந்த வரி இருந்த இடத்தில் இப்போது வேறு நாலு வரி இருக்கிறது. லைப்ரரியை இம்போர்ட் செய், அதன் ஃபைல் இருக்கும் முழுப் பாதையை எடு, அது இந்த ரெபோவுக்குள் (எங்கள் நிரல் களஞ்சியத்துக்குள்) இருக்கிறதா பார், இல்லையென்றால் அந்தப் பாதையைச் சொல்லிவிட்டு அங்கேயே நில். பதிப்பு எண்ணை ஒப்பிட்டால் போதாதா என்று அந்த இளைஞர் கேட்டார். எடிட்டபிள் முறையில் நிறுவும்போது பதிப்பு எண் நிறுவிய அன்றைய எண்ணாகவே மெட்டாடேட்டாவில் நின்றுவிடும், நிரல் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். எண் பொய் சொல்லலாம். பாதையும் பொய் சொல்ல வழி இருக்கலாம், நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு யோசனையும் வந்தது, அதுதான் எனக்குள் இன்னும் முடியாமல் இருக்கிறது. ஆவணம் எழுத நிரலை எதற்காக இம்போர்ட் செய்ய வேண்டும்? ஆட்டோடாக் செய்வது அதைத்தான், மாட்யூலை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கிறது, பக்கவிளைவுகள் இருந்தால் அவையும் ஓடும் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஆட்டோஏபிஐ போன்ற நீட்சிகள் இம்போர்ட் செய்வதில்லை, நாம் காட்டும் ஃபோல்டரை எழுத்தாகவே படிக்கின்றன. தேடல் என்ற படியே இல்லை. எங்களுக்கு அது முழுசாகப் பொருந்தவில்லை. எங்கள் கட்டளை ஃபங்ஷன்களில் பல, இம்போர்ட் ஆகும்போது ஒரு அட்டவணையிலிருந்து உருவாகின்றன, நிரலை எழுத்தாகப் படித்தால் அவை கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், ஸ்ஃபிங்க்ஸ் பிறந்ததே பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக. 2008 இல் கியோர்க் பிராண்டல் என்பவர் அதை வெளியிட்டார், அதற்கு முன்பு அந்த ஆவணங்கள் லாடெக்கில் இருந்தன. அந்தப் பைத்தான் ஆவணத்தில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பக்கங்களை இன்றும் மனிதர்கள்தான் கையால் எழுதுகிறார்கள், டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து உருவுவதில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து “இது மில்லிசெகண்ட்” என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தால் எந்தத் தேடல் பாதையும் அதைக் கெடுத்திருக்க முடியாது. அவர் எழுத மறந்திருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றியிருக்கவும் முடியாது. அலகு, வரம்பு, பிழை நேரும் சூழல் போன்ற, தப்பானால் ஒருவருடைய இரவைத் தின்றுவிடக்கூடிய விஷயங்களை மட்டும் இப்போது கையால் எழுதுகிறேன், மீதியை ஆட்டோடாக்கிடம் விட்டிருக்கிறேன். இது சரியான கோடுதானா என்று தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அழித்து வேறு இடத்தில் போடுகிறேன்.

கடைசியாகச் செய்த மாற்றம் சின்னது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கம் எந்தக் கமிட்டிலிருந்து, எந்தத் தேதியில் உருவானது என்று ஒரு வரி வரும்படி செய்தேன். அது வெளியான வாரம் அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டு நடந்ததை முழுசாகச் சொன்னேன். அப்பெண்ட் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவருக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை, ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

போன மாதம் வேறொரு வேலையாகப் பேசும்போது சொன்னார்: “இப்பல்லாம் பக்கத்தத் திறந்தா நேரா அடிக்குப் போயிடுவேன்க்கா. தேதியப் பார்த்துட்டு, அப்புறம் சோர்ஸ் சொடுக்கி அந்த வரியப் பார்த்துட்டுத்தான் நம்பர் போடுறேன்.” எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டேன். “ஒரு நிமிஷம் ஆகும். பரவாயில்ல.” சரி என்றேன்.